இல்லத்தில் விளையும் பக்தி



பெற்றோர் நாலுபேர் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் தவறாமல் எழுகின்ற ஒரு கேள்வியை, அதாவது நம் பிள்ளைகளின் உள்ளத்தில் தெய்வ நம்பிக்கை உறுதியாக வேரூன்றுவதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்வியை, இன்று மாலைக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு இச்சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். அக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. வாரந்தோறும் சமய வகுப்புக்கு அனுப்ப வேண்டும், தேவார திருவாசகங்களை மனப்பாடம் செய்விக்க வேண்டும், அடியார் சரிதங்களைச் சொல்லித்தர வேண்டும், திருவிழாக்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பார்கள். இவையனைத்தும் நல்லவையே, இவற்றுள் ஒன்றையேனும் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆயினும் இவ்விடைகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது, எல்லாமே பிள்ளை செய்ய வேண்டிய காரியங்களாக இருப்பதையும், பெற்றோருக்கு ஏவுவதும் அனுப்புவதும் தவிர வேறு வேலை வைக்கப்படாதிருப்பதையும் காண்கிறேன்.

நான் கருதுவது வேறு. பிள்ளைக்குக் காட்டுவதற்காக நாம் செய்யும் பூசையிலிருந்து பிள்ளையின் பக்தி பிறப்பதில்லை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நம் உயிருக்கு உறுதியென்று எண்ணி நாமே செய்துகொள்ளும் வழிபாட்டிலிருந்துதான் அது பிறக்கிறது. அதிலும், நமக்கு ஏதேனும் நஷ்டம் நேர்கின்ற இடத்தில் நம்முடைய நம்பிக்கை நிற்கிறதா, நழுவுகிறதா என்பதையே குழந்தையின் கண் கூர்ந்து பார்க்கிறது. சுகமாக இருக்கும் நாளில் சுவாமி கும்பிடுவதைக் குழந்தை பார்க்கிறது, மறந்தும்விடுகிறது; கும்பிட்ட சுவாமிக்காகத் தகப்பன் ஒன்றை இழக்கச் சம்மதித்த நாளை அது மறப்பதே இல்லை.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் அப்பூதியடிகள் சரிதம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருவையாற்றுக்கு அண்மையிலுள்ள திங்களூரிலே வாழ்ந்த அந்த அந்தணர், திருநாவுக்கரசரை நேரிற் காணாமலே அவர்பால் கொண்ட அன்பின் மிகுதியால், தம் மக்களுக்கும், வீட்டிலுள்ள பசுக்களுக்கும் எருமைகளுக்கும், முகக்கும் அளவைகளுக்கும், நிறுக்கும் துலாக்கோலுக்கும்கூட அவர் பெயரையே வைத்து அழைத்து வந்தார். வழிப்போக்கர் தாகந்தீர வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர்தான். அப்பந்தலில் தம் பெயர் எழுதியிருக்கக் கண்டுதான் நாவுக்கரசர் அவ்வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார் என்பது கதை. விருந்துக்கு எல்லாம் சித்தமாயிற்று. வாழைக்குருத்து அரிந்து வரும்படி மூத்த மகனைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். குருத்தை அரியும்போது பாம்பு தீண்டிற்று. அந்தச் சிறுவன் என்ன செய்தான் என்பதை நாம் நிதானமாக நினைத்துப்பார்க்க வேண்டும். அலறவில்லை, அம்மா என்று கூவவில்லை, விஷம் தலைக்கேறுவதற்கு முன்னே இலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று ஓடிவந்தான், தீண்டிய செய்தியைச் சொன்னால் அடியவர் அமுது செய்வதற்குத் தடை வருமென்று வாய் திறவாமல், இலையைத் தாயின் கையில் சேர்த்துவிட்டு வீழ்ந்தான்.

அடுத்த கணத்தில் பெற்றோர் செய்ததும் அதுவே. மகன் மாண்டான் என்று அறிந்தவுடன், விருந்தினர் உண்பதற்கு இடையூறு வரலாகாதே என்று, பெற்ற வயிற்றின் துயரத்தை அடக்கிக்கொண்டு, உடலைப் பாயில் மூடி முற்றத்தின் ஒரு புறத்தில் மறைத்துவைத்துவிட்டு நாவுக்கரசரை அமுது செய்ய அழைத்தார்கள். பின்னர் நாவுக்கரசர் உண்மை உணர்ந்து, திருப்பதிகம் பாடி அச்சிறுவனை எழுப்பியருளியதையே நாம் அற்புதம் என்று கொண்டாடுகிறோம். எனக்கோ அந்த அற்புதத்துக்கு முன்னதாகவே ஓர் அற்புதம் நடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டறிய மகனுக்கு அவகாசம் இல்லை. மகன் என்ன நினைத்தான் என்று கேட்டறிய இனிப் பெற்றோருக்கு வழி இல்லை. ஆயினும் இருவர் நெஞ்சும் ஒரே தீர்மானத்தைச் செய்தன. இத்தகைய சமயத்தில் இப்படி நடக்க வேண்டும் என்று எந்த உபதேசத்திலும் முன்கூட்டிச் சொல்லிவைக்க முடியாது. தன் நன்மையைப் பின்னுக்குத் தள்ளி அடியவரை முன்னே வைக்கும் சுபாவத்தை அந்தப் பிள்ளை அன்றாடம், தண்ணீர்ப் பந்தலிலும் மாட்டுத் தொழுவத்திலும் படியளக்கும் இடத்திலும், பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்கிறான். உயிர் பெற்று எழுந்த மகனைக் கண்டபோதுகூட அப்பெற்றோர் மகிழ்வதை விட்டு, இவனால் அடிகள் அமுது செய்யச் சிறிது தாமதமாயிற்றே என்று வருந்தினார்களாம். அந்த வீட்டில் அந்தப் பிள்ளை வேறெப்படி இருந்திருப்பான்?

புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். மகாத்மா காந்தியின் தாயார் புத்லிபாய் கல்விமானும் அல்லர், பிரசங்கியும் அல்லர். தம் சுயசரிதையில் காந்தியடிகள் தாயாரைப் பற்றி எழுதும்போது விசேஷமாக நினைவுகூர்வது அவருடைய விரதங்களையே. சாதுர்மாசியம் என்னும் மழைக்காலத்து நான்கு மாதங்களில் அந்த அம்மையார் கடுமையான நோன்புகளை மேற்கொள்வது வழக்கம். ஓர் ஆண்டில், சூரியனைக் கண்ணாரக் கண்டாலன்றி உணவு கொள்வதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டார். மழைக்காலத்தில் சூரியன் எளிதில் முகங்காட்டுவதில்லை. குழந்தைகள் வெளியே நின்று வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகம் விலகிக் கதிர் தெரிந்ததும், அம்மா, சூரியன் வந்துவிட்டது என்று உள்ளே ஓடுவார்கள். தாயார் வெளியே வருவதற்குள் அது மறைந்துவிட்டிருக்கும். அதனால் குற்றமில்லை, இன்று நான் உண்ண வேண்டும் என்பது பகவானுக்குச் சித்தமில்லை என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவாராம்.

அந்த மலர்ந்த முகத்தைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். பட்டினி கிடப்பவர் உலகில் எத்தனையோ பேர். விரதமிருக்கும் நாளில் வீட்டிலுள்ளவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் விரதம் என்றால் கோபம் என்றே பொருள் கொள்வார்கள். புத்லிபாயின் பிள்ளைகளோ, தாய் உண்ண வேண்டுமே என்ற ஏக்கத்தோடு மேகத்தைப் பார்த்து நின்றவர்கள். அவர் இழந்ததையும் கண்டார்கள், இழந்தும் அவர் வாடாததையும் கண்டார்கள். இதே காந்தியடிகள், குடும்பத்தார் செல்லும் வைஷ்ணவக் கோயிலின் ஆடம்பரம் இளமையில் தம்மைக் கவரவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கோயில் கொடுக்காததைத் தாய் கொடுத்தாள்; வேலைக்காரக் கிழவி ரம்பா, பேய் பிசாசுக்கு அஞ்சிய சிறுவனுக்கு இராம நாமத்தைச் சொல்லும்படி கற்றுக்கொடுத்தாள்; தகப்பனார் நோயுற்றுக் கிடந்தபோது மாலைதோறும் அவர் பக்கத்தில் நடந்த இராமாயண பாராயணத்தைக் கேட்டு மகன் உருகினார்.

1888ஆம் ஆண்டில் சீமைக்குப் புறப்படும் முன் மது, மாமிசம், மாதர் மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயாரின் விருப்பப்படி அந்த இளைஞர் ஒரு ஜைன முனிவர் முன்னிலையில் சத்தியம் செய்துகொடுத்தார். லண்டனில் அவருக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காமல் அரைவயிறாக நாள் கழித்தார். மாமிசம் உண்ணலாகாது என்பது மூடநம்பிக்கை என்று நண்பர் ஒருவர் பெந்தாம் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைப் படித்துக்காட்டி வாதாடினார். வாதத்துக்கு எதிர்வாதம் சொல்ல அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. சத்தியத்தை மீற இயலாது என்று மட்டும் சொன்னார். வாதத்தில் தோற்றாலும் விரதத்தில் தோற்காத அந்தத் திடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சூரியனுக்காகக் காத்துநின்ற வாசலிலிருந்துதான் வந்தது என்பேன்.

நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சொன்னபடி கேட்காத குழந்தையை அடக்குவதற்கு, பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அன்பே உருவான கடவுளைக் குழந்தையின் மனத்தில் முதன்முதலாக அறிமுகம் செய்யும் முறை இதுதானா? அந்தக் குழந்தை பொய்யும் சொல்லிப் பார்க்கிறது; கண்ணை யாரும் குத்தவில்லை; அன்றைக்கே நாம் சொன்ன சாமியின் மேல் அதற்கு இருந்த மதிப்புப் போய்விடுகிறது. இன்னொன்று: பிள்ளையின் பிறந்தநாளென்று கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். சந்நிதித் தெருவில் வெயிலில் உட்கார்ந்து பூ விற்கும் கிழவியிடம் ஒரு முழம் பூவுக்குப் பேரம் பேசுகிறோம். கை நீளம் குறைகிறதென்று சண்டையிட்டு, கூடவே கொசுறும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விக்கிறோம். பிள்ளை நம் விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பார்த்திருக்கிறது. அர்ச்சகர் சொன்ன மந்திரம் அதற்கு விளங்காது. கிழவியின் முகம் நன்றாக விளங்கும். பூவுக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பாட்டி, வெயிலில் ஏன் இருக்கிறீர்கள், இந்த நிழலுக்கு வாருங்களேன் என்று தகப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பூவைச் சுவாமியின் மேல் காணும்போது அந்தப் பிள்ளைக்கு வேறு விதமான பிரசாதம் கிடைத்திருக்கும்.

இதற்கு மாறான ஒரு வீட்டைப் பாருங்கள். வங்காளத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் தந்தையார் க்ஷுதிராமர், தேரே என்னும் கிராமத்தில் நிலபுலங்களோடு வாழ்ந்தவர். அவ்வூர் ஜமீன்தார் தமக்குச் சாதகமாகப் பொய்ச்சாட்சி சொல்லும்படி வற்புறுத்த, க்ஷுதிராமர் மறுத்தார். அதன் பயனாக வீட்டையும் நிலத்தையும் பறிகொடுத்து, காமார்புகூருக்கு வந்து நண்பர் ஒருவர் அளித்த சிறு நிலத்தில் குடியேறினார். பின்னாளில் ராமகிருஷ்ணராக விளங்கிய கதாதரர் என்னும் குழந்தை 1836இல் பிறந்தது இதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். எனினும் தாம் உண்ணும் சோறு எந்த வயலிலிருந்து வருகிறது, முன்னிருந்த பெரிய வயல்கள் ஏன் இல்லை என்பதை அறிந்தே அக்குழந்தை வளர்ந்திருக்கும். சத்தியம் என்பதற்கு அந்த வீட்டில் அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் கேட்டு, அப்படியானால் சமயக் கல்வியே வேண்டாமா என்று யாரேனும் வினவலாம். வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதி அச்சிட்டதும், கற்பிக்காமல் விட்டால் பிள்ளைகள் தம் சமயத்தின் பெயரைக்கூட அறியமாட்டார்கள் என்று கண்டதால்தான். ஆனால் அவர் பாதிரியார் பாடசாலையில் வகித்த ஆசிரியர் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். இல்லறத்தையும் வேண்டாமென்று தள்ளியவர். அவரிடம் படித்த மாணாக்கர் புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. வீட்டிலே கண்டதற்குப் பெயரும் பொருளும் கொடுப்பது பாடசாலை. வீட்டிலே ஒன்றும் காணாத பிள்ளைக்கு அது எதற்குப் பெயர் கொடுக்கும்?

இனி, இவ்விஷயத்தில் மிகவும் கடினமான பகுதிக்கு வருகிறேன். பெற்றோர் உத்தமர்களாக இருந்தும் பிள்ளைகள் வேறு வழியில் போய்விடுவது உண்டு. மகாத்மாவின் மூத்த குமாரரே தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்து, துன்பம் மிகுந்த வாழ்க்கை வாழ்ந்தார். அதைப் பற்றிக் காந்தியடிகள் எழுதும்போது, தாம் இன்னும் பக்குவப்படாமல், கட்டுப்பாடின்றி இருந்த காலத்தின் எதிரொலியையே அம்மகனிடம் காண்பதாகத் தம்மேலேயே பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். அது ஒரு தந்தையின் பெருந்தன்மை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே பெற்றோரைக் குற்றவாளியாக்கிவிடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையும் தனியொரு உயிர். அதற்கும் இறைவனுக்கும் நடுவே நடப்பது நமக்குத் தெரியாது. அத்தகைய பிள்ளையைப் பெற்றவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். உங்களுக்காகவே திலகவதியாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த இருவருள் மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர் அரசன் ஏவலால் போருக்குச் சென்றார். இடையிலே தந்தை இறந்தார். தாயும் உடன் உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்தில் கலிப்பகையார் பட்டார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் எனக்கென்று உறுதி செய்தவர் அவரே, ஆதலால் இவ்வுயிரும் அவருடன் செல்லும் என்று அந்தப் பெண் துணிந்தபோது, தம்பி அவர் பாதங்களில் விழுந்து புலம்பினான்: தாய் தந்தையரை இழந்த எனக்கு நீங்களும் இல்லையென்றால், உங்களுக்கு முன்னே நான் உயிர் விடுவேன். தம்பி வாழவேண்டும் என்பதற்காகவே அவர் சாகாமலிருந்தார். அன்று முதல் அவர் தமக்கை மாத்திரம் அல்லர். தாயும் தந்தையுமாக இருந்து வளர்த்தவர்.

அப்படி வளர்த்த தம்பி என்ன செய்தார்? உலக வாழ்வின் நிலையாமையைக் கண்டு, அறச்சாலைகள் அமைத்து, உண்மைச் சமயம் எது என்று தேடித் தேடி, பாடலிபுத்திரம் என்று அந்நாளில் வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்ற பெயருடன் அவர்களுக்கே தலைவராக விளங்கினார். எந்தத் தம்பிக்காகத் தம் உயிரையே வைத்துக்கொண்டிருந்தாரோ, அந்தத் தம்பி தம் நெறியை விட்டுப் போய்விட்டான். இங்கே திலகவதியாரிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்று, அவர் செய்தது ஒன்று. அவர் பள்ளியின் வாசலில் போய் நின்று வழக்காடவில்லை. தூதுக்குமேல் தூது விடவில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து ஒரு மடம் அமைத்துக்கொண்டு, பொழுது விடியுமுன் எழுந்து கோயிலைத் திருவலகிட்டுப் பெருக்கினார். சாணம் கொண்டு மெழுகினார். நந்தவனத்தில் பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்று இறைவனிடம் மட்டும் முறையிட்டார். இது ஒருநாள் இருநாள் வேலை அன்று.

பிறகு நடந்தது யாவரும் அறிந்தது. சூலைநோய் பற்றித் துடித்த தருமசேனருக்குப் பள்ளியிலிருந்தோர் செய்த மணி மந்திரங்களால் பயன் விளையாமற் போகவே, சமையற்காரனை அனுப்பித் தமக்கையை அழைத்தார். நான் அங்கே வரமாட்டேன் என்றார் திலகவதியார். அன்பு குறைந்ததால் சொன்ன சொல் அன்று அது. தம் நெறியில் தளராதவர் சொன்ன சொல். ஆகையால் தம்பி, பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். விடியற்காலையில், வழக்கம்போலத் திருவலகும் மெழுகுவதற்கான தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அந்த நாளுக்காக அவர் புதிதாக ஒன்றையும் செய்யவில்லை. நேற்றுச் செய்த பணியையே அன்றும் செய்யப் போனார்.

திருநாவுக்கரசர் என்று இறைவனால் பெயர் பெற்ற அந்தத் தம்பி, பிற்காலத்தில் தமிழ்நாடெங்கும் நடந்தபோது கையில் வைத்திருந்தது என்ன? கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப்படை. சமணப் பள்ளியில் தலைமை வகித்த மகா பண்டிதர், பின்னர்ப் பல்லவ மன்னனையே சைவத்துக்குத் திருப்பியவர், அதைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். திருவாரூரில் பாடிய தாண்டகம் ஒன்றில் தம் நெஞ்சை விளித்து, நிலைபெறும் வழி இது என்று அவர் எடுத்துரைக்கும் பணிகளும், விடியுமுன் கோயிலைப் பெருக்குவதும் மெழுகுவதும் மாலை கட்டுவதுமே. திலகவதியார் செய்த பணிகள் அவை. நாவுக்கரசருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார், அந்தத் தாண்டகத்தைக் கொண்டுதான் தமக்கையாரின் சித்திரத்தை வரைந்தார் என்று ஆராய்ச்சியாளர் சொல்லக்கூடும். சொன்னாலும் குற்றமில்லை, தம்பியின் பாட்டில் தமக்கையின் கையைக் கண்டறிந்தவர் சேக்கிழார் என்றே நான் கொள்வேன்.

ஆகவே, தூர ஊரில் உத்தியோகம் பார்க்கும் மகனைப் பற்றி, கல்லூரியில் படிக்கும் மகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரே! அவர்களுக்கு எழுதும் கடிதத்தில், கோயிலுக்குப் போகிறாயா, திருநீறு பூசுகிறாயா என்று விசாரணை நடத்த வேண்டாம். நம் ஊர்க் கோயிலில் பிரதோஷத்தன்று நடந்ததை, வழிபாட்டில் உங்கள் மனம் ஆறுதல் பெற்றதை, உங்களுக்கு உண்மையாகவே நேர்ந்ததை எழுதுங்கள். விடுமுறைக்கு அவர்கள் வந்திருக்கும்போது, அவர்கள் பரிகசிப்பார்களோ என்று கூசி உங்கள் பூசை வேளையை மாற்றவும் வேண்டாம். அவர்கள் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்திப் பாராயணம் செய்யவும் வேண்டாம். என்றேனும் ஒருநாள் தாமாக வந்து பக்கத்தில் நின்றால், திருநீற்றுத் தட்டை அவர்கள் பக்கம் நீட்டுங்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்ற கேள்வியை மாத்திரம் கேட்டுவிடாதீர்கள்.